இரண்டு முறை வந்த 5.03

முல்லைப்பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், பாசறையில் நீர்க்கடிகாரம் கொண்டு பொழுது கணித்து அரசனுக்கு அறிவிக்கும் நாழிகைக் கணக்கரைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசுவோம். கணினிக்குள் பொழுது கணிப்பது யார், எவ்வாறு என்று மட்டும் நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு மாணவிக்கு நாங்கள் இழைத்த தவறு அதை எண்ணவைத்தது.

அப்பாடத்தை இருவராக நடத்திவந்தோம். மாணவர்கள் தம் கட்டுரைகளை மாலை 5 மணிக்குள் கல்லூரிக் கணினியில் ஏற்றிவிட வேண்டும். பிந்தினால் பாதி மதிப்பெண்தான். அன்று அம்மாணவியின் கட்டுரைக்குக் கணினி இட்ட நேரம் 5.03. "ஐயா, என் கைக்கடிகாரத்தில் இன்னும் 5 ஆகவில்லை" என்றாள். "இயந்திரம் பொய் சொல்லுமா, அம்மா?" என்று கேட்டு அனுப்பிவிட்டோம்.

ஒரு வாரம் கழித்தே உண்மை தெரிந்தது. கணினியின் கடிகாரம் 11 நிமிடங்கள் முந்தி ஓடியிருக்கிறது. அவள் கட்டுரையை ஏற்றியது 4.52க்கு. 4.58க்குப் பிழையைக் கண்ட ஆய்வக உதவியாளர், நல்லெண்ணத்தோடு, ஒரே கட்டளையில் கடிகாரத்தைப் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்திருக்கிறார், எவரிடமும் சொல்லவில்லை. அதன்பின், மெய்யாகவே 5.03க்கு ஏற்றிய மற்றொரு மாணவனுக்கும் அதே நேரம் பதிவாயிற்று. பட்டியலில் இரண்டு 5.03. எது உரிய காலத்தது, எது பிந்தியது என்று அதைப் பார்த்து எவராலும் சொல்ல இயலாது.

கணினித் துறை நண்பரிடம் கேட்டோம். கடிகாரத்தை மாற்ற விரும்பும் எந்த நிரலும் இயங்குதளத்தை அதற்குரிய அழைப்பின் வழியாகவே கேட்க வேண்டும். நிர்வாகியின் அதிகாரமும் வேண்டும் என்றார். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் 'செட்டைம்ஆஃப்டே' என்னும் அழைப்பு புதிய நேரத்தை அப்படியே வைத்துவிடும். காலம் ஒரே தாவலில் முன்னோ பின்னோ செல்லும். பின்னே சென்றால் கடந்த நிமிடங்கள் மீண்டும் வரும். பிந்தி எழுதிய கோப்பு முந்தியதாகத் தோன்றும்.

1986இல் வெளியான 4.3 பி.எஸ்.டி. யூனிக்ஸில் 'அட்ஜ்டைம்' என்னும் வேறோர் அழைப்பு இடம்பெற்றது. இது கடிகாரத்தின் நடையை மாற்றுகிறது. முந்தி ஓடினால் சற்றே மெதுவாக்கும். பிந்தினால் சற்றே விரைவாக்கும். கடந்த நொடி திரும்ப வராது; முன்பின் வரிசையும் குலையாது. விண்டோஸிலும் 'செட்சிஸ்டம்டைம்', 'செட்சிஸ்டம்டைம்அட்ஜஸ்ட்மென்ட்' என இருவகை உண்டு.

"அப்படியானால் உதவியாளர் இரண்டாவது வழியைக் கையாண்டிருக்கலாமே?" என்றோம். நண்பர் சிரித்தார். வலைப்பின்னல் வழியே நேரம் திருத்தும் என்.டி.பி. நிரல், நொடிக்கு அரை மில்லிநொடி வரையே இவ்வாறு திருத்தும். ஒரு நொடிப் பிழை நீங்கவே 2,000 நொடிகள், அதாவது 33 நிமிடங்களுக்கு மேல் ஆகும். 11 நிமிடங்கள் நீங்க 15 நாட்களுக்கு மேல் ஆகும். அதுவரை கடிகாரம் பிழையான நேரத்தையே காட்டும். ஆகவே பிழை 128 மில்லிநொடிகளைத் தாண்டினால், இயல்பான அமைப்பில் அந்நிரலும் தாவியே திருத்துகிறது. மெல்லத் திருத்துவது சிறு பிழைக்கே பொருந்தும். பிழை சிறிதாக இருக்கும்போதே யாரேனும் கவனித்திருக்க வேண்டும்.

அக்கடிகாரத்தை மாதக்கணக்கில் எவரும் கவனிக்கவில்லை, நாங்களும்தான்.

இருவருக்கும் முழு மதிப்பெண்ணைத் திருப்பி அளித்தோம். மாணவியை அழைத்து நடந்ததைச் சொன்னோம். "அன்றைக்கு என் கடிகாரத்தை ஒருமுறை பார்த்திருக்கலாமே, ஐயா" என்றாள். எங்கள் இருவரிடமும் அதற்கு மறுமொழி இல்லை.