டாக்டர் வீட்டு ஹெரால்டு

“ஸ்போர்ட்ஸ் கார் சார். ரெண்டே கதவு. இந்த மாதிரி வண்டி இனிமே கிடைக்காது” என்றார் டாக்டரின் மகன் போனில்.

அந்த வண்டியை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் எனக்கு எதிரே உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். என் நைனா. 1978 முதல் 1989 வரை அந்தக் காரை ஓட்டியவர்.

“இன்னா சொல்றாரு?”

“ஸ்போர்ட்ஸ் காராம், நைனா.”

அவர் சிரிக்கக்கூட இல்லை. “அஞ்சு பேரு ஏறினா மலைமேல ரெண்டாவது கியர்லதான் போவும்” என்றார்.

டாக்டரின் மகன் சொன்னதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்பது இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பிறவி. வடிவம் இத்தாலிக்காரரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்தது. 1961 முதல் மதராஸ் வண்டலூரில், ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொழிற்சாலையில் தயாரித்தார்கள். ஆரம்ப வண்டிகளில் 948 சிசி இன்ஜின். அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு, இந்த மூன்றைத் தவிர வேறு கார் வாங்க வழியில்லாத காலம் அது. அதே ஹெரால்டு சேஸிஸைக் குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டியை வைத்து, டிரையம்ஃப் 1962இல் ஒரு திறந்த இரண்டு சீட்டு காரைக் கொண்டுவந்தது. அதுதான் ஸ்பிட்ஃபயர். உலகமே ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒப்புக்கொண்ட கார். ஆக, டாக்டர் வீட்டு வண்டி ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, ஸ்போர்ட்ஸ் காரின் கூடப்பிறந்த அண்ணன். தம்பி மைனராகத் திரிய, குடும்பத்தைத் தூக்கிச் சுமந்த அண்ணன். சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த நாட்களில் ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன. எங்கள் டாக்டர் அங்கே வேடிக்கை பார்க்கப் போவார். அவரை அழைத்துப் போனது நைனா. அவர் பந்தயத்தைப் பார்க்கவில்லை. வண்டிக்கு நிழல் தேடிக்கொண்டிருந்தாராம்.

எனக்கு 37 வயது. வாரநாட்களில் சென்னையில் வேலை. அடுத்தவன் பத்து வருடம் முன்னால் எழுதிவிட்டுப் போன கோடைத் திறந்து, எது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் தொடப் பயந்துகொண்டே பிழைப்பு நடத்துகிறேன். அதனால் பழைய வண்டியைப் பற்றி எனக்குப் பெரிய மயக்கம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வீட்டில் ஒரு போட்டோ இருக்கிறது. காக்கிச் சட்டையில் நைனா ஹெரால்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார். கை வண்டியின் மேல் படவில்லை, ஒரு சாண் தள்ளியே தொங்குகிறது. சின்ன வயதிலிருந்தே அந்த ஒரு சாண் என்னைத் தொந்தரவு செய்கிறது. அந்த வண்டியை வாங்கி, நைனாவைப் பின்சீட்டில் முதலாளி மாதிரி உட்காரவைத்து மலைக்குப் போகவேண்டும். இதை ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன்.

“ரெண்டு கதவு வண்டில பின்னாடி எவன்டா உக்காருவான்? முன்சீட்ட மடக்கி, குனிஞ்சி, பூந்து… எனக்கு முட்டி வலி” என்றார். அதுவும் சரிதான். புடவை கட்டியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தோ என்னவோ, அறுபதுகளின் இறுதியில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு ஹெரால்டு ஒன்றைச் செய்தார்கள். டாக்டருடையது அதற்கு முந்தையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம். நகரி போகும் சாலையில் அவர்கள் பழைய வீடு. காவல்காரர் ஷெட்டைத் திறந்துவிட்டார். தார்ப்பாய்க்குக் கீழே நாலு டயரும் மண்ணில் உட்கார்ந்திருந்தன. பின்சீட்டுப் பஞ்சில் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. தரைத்தகட்டில் விரலை வைத்து அழுத்தினேன், உள்ளே போனது. இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ், உடம்பு அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட்டில் நிற்கிறது. தகடு போனாலும் சேஸிஸ் நன்றாக இருந்தால் பிழைக்கும் என்று படித்திருந்தேன். நான் டார்ச்சை வைத்துக்கொண்டு அடியில் படுத்துத் தேடிக்கொண்டிருந்தபோது நைனா இரண்டு பக்கக் கொக்கிகளையும் பார்க்காமலே விடுவித்து பானட்டைத் தூக்கினார். ஹெரால்டில் மூக்கு, மட்கார்டு எல்லாம் ஒன்றாக முன்பக்கம் கவிழும். இன்ஜினும் முன்சக்கரங்களும் அப்படியே வெளியே தெரியும். அவர் முன் டயர்மேல் திண்ணையில் உட்காருவதுபோல உட்கார்ந்தார்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கச் சொன்னார். மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். கீழே விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார்.

“கிரீஸ் அடிச்சிருக்கானுங்க.”

நான் படித்த எதிலும் இந்த இடத்தை நான் கவனிக்கவில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனை, மரை போட்டு ஒரு வெண்கலக் கட்டைக்குள் நிற்கிறது. டிரனியன் என்று பேர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழலும். அதற்குக் கெட்டியான கியர் ஆயில்தான் விடவேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. தண்ணீர் உள்ளே தங்கி எஃகு துருப்பிடிக்கும். ஒருநாள், பெரும்பாலும் வளைவில், தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். ஸ்பிட்ஃபயருக்கும் இதே வியாதிதான்.

“நான் இருந்தவரைக்கும் எண்ணெய்தான். எனக்கப்புறம் வந்தவனுக்கு யாரு சொல்றது? டாக்டருக்கே தெரியாது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “யாருக்காகடா இத வாங்கற?”

“உனக்காகத்தான்.”

“நான் கேட்டனா?”

பிறகு அவராகவே சொன்னார். கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தி முடிகிறவரை வாசலில் நின்றது. திருப்பதி போனால் அந்தக் குட்டி சீட்டில் முட்டியை மடக்கி இரவெல்லாம் படுத்தது. “டாக்டர் நல்லவரு. உனக்கு ஜுரம்னா ஒரு பைசா வாங்கமாட்டாரு. ஆனா பதினோரு வருசத்துல அந்த வீட்டு சோபால நான் உக்காந்ததில்ல. உக்காருன்னு அவரும் சொன்னதில்ல, உக்காரணும்னு எனக்கும் தோணல.” வண்டிமேல் கோபமா என்று கேட்டேன். “வண்டி இன்னா பண்ணுச்சு, பாவம்.”

காகிதக் கணக்கும் சாதகமாக இல்லை. ஆர்.சி. இன்னும் இறந்துபோன டாக்டர் பேரில். 2021இல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவ்வளவுதான். கிருத்திகைக்குக் கிருத்திகை மலைக்குப் போவதைப் பேரணி என்று எந்த அதிகாரியிடம் சொல்வது? ஒரே ஆறுதல், ஸ்பிட்ஃபயருக்கு இங்கிலாந்தில் இன்னும் பிரியர்கள் இருப்பதால் டிரனியன் புதிதாகவே கிடைக்கிறது. தம்பி தயவில் அண்ணனுக்கு மருந்து. எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். அவர் கேட்பது மூன்றரை லட்சம், செலவு அதற்குமேல் இன்னொரு மூன்று. என் மனைவி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, மாடியில் ஒழுகும் இடத்தை மட்டும் கையால் காட்டினாள்.

போன வாரம் டாக்டரின் மகன் மறுபடி கூப்பிட்டார். நைனா பக்கத்தில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“என்ன சார் முடிவு பண்ணீங்க? உங்களுக்கு சென்டிமென்ட் வேற இருக்குமே. டிரைவர் எப்படி இருக்கார்?”

“நல்லா இருக்காரு” என்றேன். எழுபதாயிரம் என்றால் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அது நைனா சொன்ன விலை. அவர் சிரித்தார்.

“பெங்களூர் பார்ட்டி ஒண்ணு புதன்கிழமை வருது சார். லாரில ஏத்தாம ஓட்டியே எடுத்துட்டுப் போறேங்கறாங்க.”

“ஓட்டவேணாம்னு சொல்லுங்க. முன்னாடி டிரனியன் போயிருக்கு.”

“அது என்ன சார்?”

நான் சொல்ல ஆரம்பித்தேன். சக்கரம், தண்டு, வெண்கலக் கட்டை, மரை. அவர் “சரி, சரி” என்று கேட்டுக்கொண்டிருந்தார். நைனா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

“தம்பி, நான்தான் பேசறேன். எழுதிக்கிறீங்களா? புதுசு போட்டப்புறம் கியர் ஆயில் விடணும். கிரீஸ் இல்ல. எண்ணெய்.”