ஒரு கண்ணாடிக்கு 48 பேர்

தோட்டத்தில் வேலை செய்யும் சகோதரிகளுக்கு 'பேர்' என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் மலைக்குப் போய், சொன்ன கிலோ கொழுந்தைப் பறித்து நிறுத்துக் கொடுத்தால் ஒரு நாள் பேர் விழும். நிறை குறைந்தால் அரைப் பேர். எங்கள் வீட்டில் அரிசியையும் பிள்ளையின் கொப்பியையும் நாங்கள் பேர்க் கணக்கில்தான் யோசிப்போம். 2022ஆம் ஆண்டு ஒரு வேன் கண்ணாடிக்கு என்னிடம் 48 பேர் கேட்டார்கள். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

என் பெற்றோர் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு, வேறு பல மலையகக் குடும்பங்களைப் போல அவர்களும் பயந்து வன்னிக்குப் போய்க் கிளிநொச்சியில் குடியேறினார்கள். நானும் தம்பியும் பிறந்து வளர்ந்தது அங்கேதான். என் கணவர் லொறி ஓட்டினார். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய அந்த லொறிக்கு முன்கண்ணாடி இல்லை. உடைந்ததற்கு மாற்று வாங்க வழியும் இல்லை. முகத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு புழுதிக்குள் ஓட்டுவார். "கண்ணாடி இல்லாட்டி என்ன, கண் இருக்குத்தானே" என்று சிரிப்பார்.

2009இல் அவரை இழந்தேன். மகளோடும் தம்பியோடும் மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்தபோது, போவதற்கு மலையில் இருந்த மாமா வீட்டைத் தவிர வேறு இடமில்லை. கல்யாணத்துக்கு அவர் வாங்கித் தந்த தோடு மட்டும் காதில் இருந்தது.

நான் கொழுந்து பறித்தேன். தம்பி பிறருடைய வாகனம் ஓட்டினான். 2016இல் லீசிங் எடுத்து, என் பெயரில் ஒரு பழைய வேன் வாங்கினோம். தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் ஓட்டம். 2021இல் லீசிங் கட்டி முடிந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். லீசிங் இருக்கும்வரை ஃபுல் இன்சூரன்ஸ் கட்டாயம். இனித் தேவையில்லை, செலவைக் குறைப்போம் என்று மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு மாற்றினோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்கவுமில்லை, கடதாசியை வாசிக்கவுமில்லை.

அந்த நவம்பரில் ஹட்டன் வீதியில் முன்னால் போன டிப்பரிலிருந்து ஒரு சல்லிக்கல் தெறித்து வந்து முன்கண்ணாடியில் பட்டது. ஐந்து ரூபாக் குற்றியளவு நட்சத்திரம் போல ஒரு கீறல். கராஜில் வேலை செய்யும் பையன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, இது பசை ஊத்தி அடைக்கிற வேலை. மூவாயிரத்துல முடிஞ்சிடும். விட்டீங்கன்னா முழுக் கண்ணாடியும் போயிடும்."

"பாப்போம் தம்பி" என்றேன். மூன்று பேர் அல்லவா? 2021 மார்ச்சிலிருந்து எங்கள் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்தது. உண்மையில் காசு மட்டும் காரணமல்ல. ஷெல்லுக்குள்ளால் வந்தவளுக்கு ஒரு சின்னக் கீறல் பெரிதாகத் தெரியவில்லை. கண்ணாடியே இல்லாமல் ஓட்டிய மனிதரின் மனைவிதானே நான்!

பெப்ரவரியில் ஒரு விடியற்காலை நல்ல உறைபனி. நுவரெலியா மாவட்டத்தில் ஆண்டின் தொடக்க மாதங்களில் தேயிலையைக் கருக்கும் பனி அது. வேன் கண்ணாடி முழுவதும் வெள்ளையாக மூடியிருந்தது. பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள், தம்பி இன்னும் முகம் கழுவுகிறான். நேரமாகிறதே என்று தேத்தண்ணிக்கு வைத்த கேத்தலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுடுதண்ணியை ஊற்றினேன்.

'டக்' என்று ஒரு சத்தம். கீறல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடியது. நான் கேத்தலைப் போட்டுவிட்டு நிலத்தில் குந்திவிட்டேன். 2009க்குப் பிறகு கண்ணாடி உடையும் சத்தத்துக்கு என் உடம்பு அப்படித்தான் செய்யும். மகள் ஓடிவந்து தூக்கினாள். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடி உடைந்திருந்தது, ஆனால் ஒரு துண்டும் கீழே விழவில்லை.

ஏன் விழவில்லை என்பதைக் கராஜ் பையன் சொல்லித்தான் அறிந்தேன். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். உடைந்தாலும் துண்டுகளை அந்தப் படலம் பிடித்துக்கொள்ளும். பக்கத்து ஜன்னல்களுக்குச் சூடாக்கிச் சடுதியாகக் குளிரவைத்த ஒற்றைக் கண்ணாடி போடுகிறார்கள். அது உடைந்தால் கற்கண்டு போலப் பொலபொலவென்று கொட்டிவிடும். அதை ஒட்டித் திருத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். படலம் வைத்த கண்ணாடி எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் கண்டுபிடிப்பு என்று பிறகு வாசித்தேன். 1903இல் அவருடைய கையிலிருந்த குடுவையொன்று தவறி விழுந்தும் சிதறவில்லையாம். உள்ளே காய்ந்திருந்த இரசாயனப் படலம் துண்டுகளைப் பிடித்திருந்தது. முதலாம் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்கு இந்தக் கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். அதே 1903இல்தான் மழையில் கண்ணாடி துடைக்கும் வைப்பருக்கு அமெரிக்காவில் மேரி அண்டர்சன் என்ற பெண் காப்புரிமை பெற்றார்.

காப்புறுதிக்காரரிடம் போனேன். மூன்றாம் தரப்பு என்றால் எங்கள் வாகனத்தால் மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்குத்தானாம். எங்கள் கண்ணாடிக்கு ஒரு சதமும் இல்லை. கடையில் 26,000 ரூபா என்றார்கள். காசு சேர்த்துக்கொண்டு வருகிறேன் என்று திரும்பினேன். மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரிந்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. வாகன இறக்குமதி 2020இலிருந்தே நிறுத்தப்பட்டிருந்தது, உதிரிப்பாகமும் தட்டுப்பாடு. சித்திரைப் புத்தாண்டு முடிந்து போனபோது அதே கண்ணாடி 48,000. மாதம் 20 பேர் போட்டால், இரண்டு மாதச் சம்பளத்தையும் கொடுத்தும் போதாது.

உடைந்த கண்ணாடியோடு பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் பயந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேன் நின்றது. வெட்கத்தில் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பக்கத்துக் காம்பராப் பெரியம்மாதான் மடுவத்தில் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: "ஏன் புள்ள, நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?" எங்கள் சீட்டில் 14 பேர், ஆளுக்கு 2,000. அந்த மாதம் சீட்டு எடுக்க வேண்டியவர் மகனின் கட்டிலுக்கென்று வைத்திருந்த முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார். தம்பி கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய வேனில் கழற்றிய கண்ணாடியொன்றை 30,000க்குப் பிடித்தான். பஸ் செலவு, புது ரப்பர் பீடிங், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 38,000. சீட்டுப் பணம் போக மிச்சத்துக்குத் தோட்டை அடகு வைத்தேன். கண்ணாடி பொருத்திய அடுத்த மாதமே எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. தோட்டை மீட்க அடுத்த வருடம் தீபாவளி வரை ஆனது.

எனக்குப் பாடமான சிலவற்றைச் சொல்கிறேன். சின்னக் கீறல் விழுந்தால் தூசியும் தண்ணீரும் போகாமல் அன்றே தெளிந்த டேப் ஒட்டி, அந்த வாரமே அடைத்துவிடுங்கள். உறைபனி நாளில் சுடுதண்ணி ஊற்றவே கூடாது. இரவில் சாக்கோ படங்கோ போட்டு மூடினால் போதும். டிப்பருக்குப் பின்னால் இடைவெளி விட்டுப் போகச் சொல்லுங்கள். பழைய கண்ணாடி வாங்கினால் ஓரங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வாகனம் உங்கள் பெயரில் இருந்தால் காப்புறுதிக் கடதாசியை நீங்களே வாசியுங்கள். ஃபுல் இன்சூரன்ஸ் என்றாலும், கண்ணாடிக்கு எவ்வளவு தருவார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பெரிய இழப்பைக் கண்ட நாங்கள் சின்னச் சேதத்தை "இது என்ன" என்று தள்ளிவிடுகிறோம். கேட்கவும் கூச்சப்படுகிறோம். 3,000 ரூபா வேலை 38,000 ஆனது அப்படித்தான். அவர் இருந்திருந்தால் இப்போதும் கண் இருக்குத்தானே என்று சிரித்திருப்பார். ஆனால் எங்கள் வேனில் இருபது பிள்ளைகளின் கண்கள் இருக்கின்றன. இப்போது தினமும் ஓட்டம் முடிந்ததும் தம்பி கண்ணாடியைத் துடைக்கிறான். நான் பக்கத்தில் நின்று கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.