கேள்விக்குக் கோபித்துக்கொள்ளாத டாக்டருக்கு

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

எங்கள் நாய் பொம்மிக்கு வந்திருப்பது சிறுநீரக நோய் என்று சொன்னவர் நீங்கள். அது இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. அப்படியும் உங்களுக்குத்தான் நன்றி மடல் எழுதுகிறேன் என்றதும் வீட்டில் சிரிக்கிறார்கள். "கண்டுபிடித்த வேப்பேரி டாக்டருக்கு எழுதாமல் இவருக்கு எதற்கு?" என்கிறான் தம்பி. அவருக்கும் நேரில் நன்றி சொல்லியாகிவிட்டது. ஆனால் பொம்மியை அங்கே அனுப்பிவைத்தவர் நீங்கள், அதுவும் உங்கள் முடிவை நான் கேள்வி கேட்ட பிறகு. உங்கள் பெயரோ ஊரோ போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

உங்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுப் பெண் நாய், நாட்டு நாய். சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி, பின்னங்கால் தள்ளாட்டம். நம் பக்கத்தில் நாய் சுருண்டு படுத்தால் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல்தான். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். நீங்களும் தட்டணுக்களைப் பார்த்தீர்கள், குறையவில்லை. யூரியா ஏறியிருந்தது. கிரியேட்டினின் 4.1. சிறுநீரும் நீர்த்துப் போயிருந்தது. இத்தனையும் ஒன்றாக வந்தால் யாருக்கும் சிறுநீரகம்தான் நினைவுக்கு வரும். "நாள்பட்ட கிட்னி ஃபெயிலியர்மா. மனசைத் தயார்படுத்திக்கோங்க" என்றீர்கள். உப்பைக் குறைத்துச் சோறு போடச் சொன்னீர்கள்.

மனசு தயாராகவில்லை. அது பாசத்தால் மட்டும் அல்ல. ட்ரிப்ஸ் ஏறி முடிந்ததும் பொம்மி எழுந்து, தெருவில் மீன்காரம்மா குரல் கேட்டதும் வாசலுக்கு ஓடினாள். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கிரியேட்டினின் 1.3. சாகப் போகிற நாய் இப்படித்தான் இருக்குமா? இன்னொன்றும் உறுத்தியது. வீட்டுத் தினசரிக் காலண்டர் தாள்களின் ஓரத்தில் அவள் படுத்த நாட்களைக் கிறுக்கி வைத்திருந்தேன். தீபாவளிப் பட்டாசுக்குப் பிறகு ஒரு தடவை. அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியதும் ஒரு தடவை. வெள்ளையடிக்க ஆட்கள் வந்து வீடு கலைந்து கிடந்தபோது ஒரு தடவை. மிரண்ட பிறகெல்லாம் விழுந்தாள், ட்ரிப்ஸ் ஏற்றினால் எழுந்தாள்.

அந்தக் காலண்டர் தாள்களை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்த சாயங்காலம் நினைவிருக்கிறதா? தகரம் அடித்த உங்கள் மேஜையில் வயிறு உப்பிய வெள்ளாடு ஒன்று படுத்திருந்தது. வெளியே பெஞ்சில் கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு ஒரு ஆயா. 'நெட்டில் படித்தேன்' என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே என்று தம்பி எச்சரித்து அனுப்பியிருந்தான். நான் சொல்லவில்லை. இரண்டே கேள்வி கேட்டேன். கிட்னி நிரந்தரமாகக் கெட்டிருந்தால் 4.1 எப்படி 1.3-க்கு இறங்கும்? இந்த ரிப்போர்ட்டில் நாம் பார்க்காமல் விட்டது என்ன?

கை கழுவிக்கொண்டிருந்தீர்கள். உடனே பதில் சொல்லவில்லை. துண்டில் கையைத் துடைத்தபடியே தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பினீர்கள். "நியாயமான கேள்விதான்மா. நாள்பட்டதா இருந்தா இவ்வளவு கீழே இறங்காது. சோடியம், பொட்டாசியம் நாம பார்க்கலை. அதுக்கு மேல வேண்டிய டெஸ்ட் என்கிட்ட இல்லை. வேப்பேரிக்கு எழுதித் தரேன்" என்றீர்கள். வாய் திறந்து கேள்வி கேட்டதற்காக, "அப்போ வேற டாக்டரைப் பாத்துக்கோங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். நாட்டு நாய்க்கு இவ்வளவு செலவா என்ற பார்வையையும் பார்த்திருக்கிறேன். உங்களிடம் இரண்டும் இல்லை.

நீங்கள் எழுதிய அந்தச் சீட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். போட்ட ஊசி ஒவ்வொன்றின் பெயர், அளவு, தேதி எல்லாம் அதில் இருந்தது. என்ன ஊசி என்று கேட்டால் 'சத்து ஊசி' என்று முடித்துவிடும் ஊரில் இது சாதாரண விஷயமில்லை. அதில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போட்டதை எழுதி, பிரெட்னிசோலோன் கொடுக்கவில்லை என்பதையும் தனியாகக் குறித்திருந்தீர்கள். அந்த வரியின் அருமை வேப்பேரியில்தான் விளங்கியது. பிரெட்னிசோலோன் கொடுத்திருந்தால் கார்டிசால் ஹார்மோன் பரிசோதனையில் அதுவும் கார்டிசாலாகவே கணக்கில் ஏறி, முடிவைக் குழப்பிவிடுமாம். டெக்ஸாமெத்தசோன் அப்படி ஏறாது.

1903-லிருந்து நடக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே இருந்த டாக்டர் உங்கள் சீட்டை முழுதும் படித்துவிட்டு ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். இவ்வளவு நீர் வற்றிய நாய்க்கு இதயம் படபடவென்று அடிக்க வேண்டும், இவளுக்கு நிதானமாக அடிக்கிறதே என்றார். இசிஜி எடுத்தார்கள். ரத்தத்தில் சோடியம் 128, பொட்டாசியம் 6.9. சோடியத்தைப் பொட்டாசியத்தால் வகுத்தால் 27-க்கு மேல் வர வேண்டுமாம். பொம்மிக்கு 19-கூட வரவில்லை. அதற்கப்புறம், கார்டிசாலைச் சுரக்கத் தூண்டும் ஏசிடிஎச் ஊசிக்கு முன்னால் ஒரு ரத்தம், பின்னால் ஒரு ரத்தம். மாதிரியை மனிதர்களுக்கான லேபுக்கு அனுப்பினோம். ரிப்போர்ட்டில் 'பேபி பொம்மி, வயது 5, பெண்' என்று அச்சாகி வந்தது. பேபிக்கு இரண்டு தடவையும் கார்டிசால் ஒரு மைக்ரோகிராமைத் தொடவில்லை.

அடிசன் நோய். லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-இல் மனிதர்களிடம் கண்டு விவரித்தது. நாய்களுக்கும் வருகிறது, பெண் நாய்களுக்குக் கூடுதலாக. சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பி வேலையை நிறுத்திவிடுகிறது. உடம்பில் உப்பைப் பிடித்துவைக்க ஹார்மோன் இல்லை. உப்பு வெளியேற, தண்ணீரும் கூடவே போகிறது. ரத்த ஓட்டம் குறைந்து சிறுநீரகம் திணறுவதால் கிரியேட்டினின் ஏறுகிறது. பக்கத்து வீட்டுக்காரன் செய்த திருட்டுக்கு இந்த வீட்டுக்காரனைப் பிடித்த கதைதான். பயத்தைத் தாங்கக் கார்டிசால் வேண்டும், அதுவும் இல்லை. பட்டாசுக்கு விழுந்ததன் காரணம் அது. நீங்கள் ஏற்றிய ட்ரிப்ஸில் இருந்தது உப்புநீர், கூடவே ஒரு ஸ்டீராய்டு. பெயர் தெரியாத நோய்க்குச் சரியான முதலுதவியைத்தான் செய்துகொண்டிருந்தீர்கள், டாக்டர். உப்பு குறைத்த சோறு மட்டும்தான் அவளுக்கு ஆகாதது.

திறந்த மடலாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உங்கள் பெஞ்சில் காத்திருப்பவர்களும் இதைப் படிக்கட்டும். டாக்டரைக் கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அல்லது நேரெதிராக, வாட்ஸ்அப்பில் வந்ததைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகிறோம். இரண்டாலும் நாய்க்குப் பிரயோஜனமில்லை. அதற்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. எப்போது படுத்தது, அதற்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது, எந்த மருந்துக்கு எழுந்தது என்பதெல்லாம் வளர்ப்பவர் சொன்னால்தான் உண்டு. ரிப்போர்ட் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். 'நிச்சயமா டாக்டர்?' என்று கேட்டால் யாருக்கும் கோபம்தான் வரும். 'வேறு என்னவாக இருக்கலாம், அதை எந்த டெஸ்டில் பிரித்துப் பார்க்கலாம்?' என்று கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் யோசிக்கவே செய்வார்கள்.

பொம்மி நன்றாக இருக்கிறாள். மருந்துக் கடையில் மனிதர்களுக்கு விற்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரை தினமும், கூடவே கொஞ்சம் பிரெட்னிசோலோன். ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது. அவ்வப்போது சோடியம், பொட்டாசியம் பார்க்க வேண்டும். மாத்திரையை இட்லித் துண்டில் பொதிந்து கொடுத்தால் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புகிறாள். அவித்த முட்டையில்தான் ஏமாறுகிறாள்.

அடுத்த மாதம் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு உங்களிடம்தான் அழைத்து வருகிறேன். மிரளும் நாட்களில் பிரெட்னிசோலோனைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குக் காலையிலேயே கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன், ஏனென்றால் உங்கள் தகர மேஜையைக் கண்டால் அவளுக்கு இன்னமும் நடுக்கம்தான்.


பொம்மி வீட்டு அம்மா