கடலுக்கும் வட்டைக்கும் நடுவே கல்முனை

மட்டக்களப்பிலிருந்து தெற்கே வரும் பேருந்து கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு தாண்டிப் பெரியநீலாவணைக்குள் நுழையும்போது மாவட்டம் அம்பாறையாக மாறிவிடும். வீதி மாறாது. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று ஊர்கள் இடைவெளியே இல்லாமல் தொடர்ந்து வரும். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது. எந்த ஒழுங்கையோடு முடிகிறது என்பதை உள்ளூர்ச் சிறுபிள்ளையும் சொல்லும். பள்ளிவாசல் மினாராவும் கோயில் கோபுரமும் மாறி மாறி வரும் இந்த வரிசைதான் கல்முனை மாநகரம்.

உயர்தரப் புவியியல் படித்தவர்களுக்கு ஏர்னஸ்ட் பர்ஜஸின் வட்டங்கள் நினைவிருக்கும். 1925இல் சிக்காகோவை வைத்து அவர் வரைந்த படம் அது: நடுவில் வணிக மையம், அதைச் சுற்றி இடைமாறு வலயம், அப்புறம் தொழிலாளர் குடியிருப்பு, வெளியே வசதி படைத்தோர் வீடுகள். சிக்காகோவின் கிழக்கே மிச்சிகன் ஏரி கிடப்பதால் அந்த வட்டங்களே பாதி ஏரிக்குள்தான் விழும். கல்முனைக்கு வந்திருந்தால் பர்ஜஸுக்கு மறுபாதியும் போயிருக்கும். கிழக்கே வங்கக்கடல். மேற்கே வட்டை, அதாவது நெல்வயல், அதோடு மட்டக்களப்பு வாவியின் தென்கோடி. இடையில் குடியிருக்கத்தக்க மணல்மேடு ஒன்றிரண்டு கிலோமீற்றர்தான் தேறும். ஆகவே ஊர் நீளத்தான் முடிந்தது, அகலவில்லை. பாடநூல் இதை நீள்கோட்டுக் குடியிருப்பு என்று ஒரே வரியில் முடித்துவிடும். அந்த வரிக்குள் நடந்தவைதான் கவனிக்க வேண்டியவை.

2012 குடிசனக் கணக்கெடுப்பின்போதே மாநகர எல்லைக்குள் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் இருந்தார்கள். பரப்போ ஏறத்தாழ 23 சதுர கிலோமீற்றர், அதுவும் வயலைச் சேர்த்து. நாட்டின் சராசரி அடர்த்தி அப்போது சதுர கிலோமீற்றருக்கு 325 பேர் அளவில் இருக்க, இங்கே நான்காயிரம். வயலைக் கழித்துவிட்டு வீடுள்ள மண்ணை மட்டும் கணக்கிட்டால் எண் இன்னும் எகிறும். இத்தனைக்கும் இங்கே பெருந்தொழிற்சாலை கிடையாது. மட்டக்களப்போடு நின்றுவிட்ட ரயில் பாதை இந்தப் பக்கம் வரவேயில்லை. நெல், மீன், கடைத்தெரு, மருதமுனைக் கைத்தறி, அரச உத்தியோகம், வளைகுடாவிலிருந்து வரும் காசு ஆகியவைதான் வருமானம். அப்படியிருந்தும் ஏன் இந்த நெரிசல்?

என் பார்வையில் அதற்கான பதிலின் பாதி கல்யாண வீட்டில் இருக்கிறது. கிழக்குக் கரையில் முஸ்லிம்களும் தமிழரும் தாய்வழிக் குடிகளாக வாழ்பவர்கள். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், பெண் தன் ஊரை விட்டு, பெரும்பாலும் தெருவைக்கூட விட்டு, போக மாட்டாள். அவளுக்கொரு வீடு கட்டிக்கொடுப்பது வாப்பாவின் கடமை. அக்கரைப்பற்றில் பல காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்தத் தாய்வழி முறையை விரிவாக எழுதியிருக்கிறார். இதன் விளைவை நிலத்தில் பாருங்கள். உம்மாவின் வளவில் மூத்தவளுக்கு ஒரு வீடு, அதற்குப் பின்னால் இளையவளுக்கு ஒன்று, அடுத்த தலைமுறையில் அந்த இரண்டும் நான்கு துண்டுகள். நாற்பது பேர்ச் வளவு பத்துப் பேர்ச் ஆகி, பிறகு ஐந்தாகும். கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் இடையே இருக்கவேண்டிய தூரம் எப்போதோ போய்விட்டது. "ரெண்டு புள்ளைக்கும் ஊடு குடுத்துட்டன், மூணாவது புள்ளைக்கு வளவில்ல" என்ற பேச்சைத் தேநீர்க் கடையில் கேட்காமல் இங்கே ஒரு பின்னேரம் கழியாது.

ஒரு நகரம் வளர்ந்தால் நிலவிலை மையத்தில் கூடி, வெளியே போகப் போகக் குறையும் என்பது பொருளியல் கணக்கு. இங்கே அது அரைகுறையாகத்தான் பொருந்துகிறது. ஒரு துண்டுக் காணிக்கு, அது உம்மாவின் வளவுக்கும் தங்கச்சி வீட்டுக்கும் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதற்கே விலை. பத்து கிலோமீற்றர் தள்ளி மலிவாகக் கிடைத்தாலும் குடும்பம் அசையாது. நகர் புறத்தே பரவாமல் தனக்குள்ளேயே இறுகியதன் காரணம் இது.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்த இறுக்கத்தின் மீதுதான் வந்து மோதியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாட்டின் மொத்த இழப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எங்கும் கடலோரத் தெருக்கள் துடைத்தெறியப்பட்டன. பிறகு அரசு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை கட்டத் தடை என்றது. ஒன்றிரண்டு கிலோமீற்றர் அகலமுள்ள ஊரில் 200 மீற்றர் என்பது என்ன பங்கு என்று கொழும்பில் கணக்குப் பார்த்தவர்கள் யாரென்று தெரியவில்லை. பின்னர் தடை தளர்ந்தது. அந்தத் தூரக் கணக்கின் தடம் மருதமுனை மேட்டுவட்டையில் இன்றும் பெயராகவே இருக்கிறது: 65 மீற்றர் வீட்டுத்திட்டம். மாற்றுக் காணி கிடைத்த இடமெல்லாம் வயல், அல்லது தாழ்நிலம். நெல் விளைந்த மண்ணை நிரப்பி வீடு கட்டினார்கள், கல்முனையில் தொடர்மாடிகளும் எழுந்தன. தெற்கே அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியுடன் கட்டிய 500 வீடுகள், இன விகிதாசார வழக்கில் சிக்கிப் பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தன.

மேற்கே போகலாமே என்பவர்கள் மாரி காலத்தில் கிட்டங்கித் தாம்போதியைப் பார்க்க வேண்டும். வெள்ளம் வந்தால் நாவிதன்வெளிப் பக்கத்துக்குப் போக்குவரத்து நின்றுவிடும். 2024 நவம்பரில் காரைதீவை அடுத்த மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்கள் ஏறிய உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதில் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அந்த வெள்ளம் தங்கிச் செல்ல வேண்டிய இடம்தான் வட்டை. அதை நிரப்ப நிரப்பத் தண்ணீர் தெருவுக்கு வருகிறது.

இனி எல்லைகள். 1961இல் மட்டக்களப்பைப் பிரித்து அம்பாறை மாவட்டம் ஆக்கினார்கள். கல்லோயாத் திட்டத்தோடு உள்நாட்டில் எழுந்த அம்பாறை நகரம் தலைநகரானது, கடைத்தெருவும் சனமும் கரையிலேயே நின்றன. கையெழுத்துக்கு அம்பாறை, சாமானுக்குக் கல்முனை. கரையோர மாவட்டக் கோரிக்கை இந்தப் பிளவில் பிறந்தது. ஊருக்குள்ளும் இதே கதை. கல்முனைப் பட்டினசபையும் கரவாகு வடக்கு, தெற்கு, மேற்குக் கிராமசபைகளும் ஒன்றாக்கப்பட்டு, பின்னர் 2001இல் மாநகர சபை வந்தது. சாய்ந்தமருது தனக்கென ஒரு சபை கேட்டுப் போராடியது, 2020 பெப்ரவரியில் அறிவித்தல் வெளியாகிச் சில நாட்களிலேயே கைவிடப்பட்டது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு 2019 ஜூனில் தமிழர் தரப்பு உண்ணாவிரதம் இருந்தது. தமிழர், முஸ்லிம்கள் என இரு பக்கத்தாரின் பயமும் வெறும் கற்பனையல்ல. காணியும் பதவியும் வாக்கும் எல்லைக் கோட்டைப் பொறுத்தே கைமாறுகின்றன.

வால்ட்டர் கிறிஸ்டல்லரின் மையவிடக் கோட்பாடு ஒரு வைத்தியசாலைக்கு இத்தனை பேர் வேண்டும், இத்தனை தூரத்துக்கு ஒன்று போதும் என்று கணிக்கச் சொல்லும். கல்முனையில் ஒரே பிரதான வீதியில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள், ஒன்று கல்முனை வடக்கில், மற்றது அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை. போரும் கலவரமும் கண்ட ஊரில் தூரத்தை மீற்றரில் மட்டும் அளக்க முடியாது. யாருடைய தெருவைக் கடந்து போகவேண்டும் என்பதும் தூரம்தான். இதை வீண்செலவு என்று சொல்பவர்கள் அந்த ஆண்டுகளில் இரவு நேரத்தில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடாதவர்களாக இருக்கும்.

ஆனால் குப்பைக்கும் வடிகானுக்கும் இந்தச் சலுகை கிடையாது. கரையோர சபைகளின் குப்பை உள்நாட்டில் பள்ளக்காட்டுக்குப் போகிறது. அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் இறந்த செய்தி 2022இல் உலகமெங்கும் போனது. பாண்டிருப்பில் அடைபட்ட வடிகான் மருதமுனையில் பெருகும். இவற்றை ஊருக்கு ஊர் தனித்தனியாகத் தீர்க்க முடியாது, எத்தனை சபை வந்தாலும்.

நகரத் திட்டங்கள் மேலிருந்து வரும்வரை காத்திருக்காமல் ஒன்று செய்யலாம். ஆசிரியர்களே, உயர்தரப் புவியியல் பிள்ளைகளைச் சிக்காகோ வட்டங்களோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் காணி உறுதிகளை எடுத்து, உம்மும்மா காலத்து வளவு இன்று எத்தனை துண்டு, மழைநீர் முன்பு எந்த வழியாக வட்டைக்குப் போனது, இப்போது எங்கே தேங்குகிறது என்று படமாக வரையட்டும். வெஸ்லி, ஸாஹிரா, கார்மேல் பாத்திமா பாடசாலைகளில் வரையப்படும் படங்களை ஒன்றாக ஒட்டி மாநகர சபைக்குக் கொடுங்கள்.