தாய் வீட்டில் ஓர் அறை

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயிலில் ஆறுமுகநேரியை நெருங்கினால் உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். அதற்கடுத்த நிலையம் எங்கள் காயல்பட்டினம். 1998ஆம் ஆண்டு, நிக்காஹ் முடிந்த 15ஆம் நாள், என் மனைவியுடன் அங்கே இறங்கினேன். அவள் திருச்சி ராவுத்தர் குடும்பத்துப் பெண். தந்தையை அத்தா என்று அழைத்து வளர்ந்தவள். திருமணத்திற்கு என் பெற்றோர் வந்து திரும்பியிருந்தனர். மற்றவர்களை அவள் பார்த்ததில்லை. "யார் யார், எப்படிப்பட்டவர்கள் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அங்கே வந்து நான் திருதிருவென்று விழிக்கக் கூடாது" என்றாள். வழியெல்லாம் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த வீட்டில் எனக்கென்று ஓர் அறை கிடையாது.

எங்கள் ஊரை அறியாத வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். கீழக்கரையைப் போலவே இங்கும் மணமகன்தான் மணமகளின் வீட்டிற்குக் குடிபோகிறார். வீடு பெண்மக்களுக்கு உரியது. ஆண்கள் கடல் கடந்து வணிகத்திற்குச் சென்றுவிடும் ஊரில், பெண் தன் தாயின் நிழலிலேயே இருக்கட்டும் என்று முன்னோர் செய்த ஏற்பாடு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, குதிரைகள் வந்திறங்கும் துறையாகக் காயலைக் குறித்து வைத்தார். அவ்வளவு பழைய கடல் வாணிபம் எங்களுடையது. ஏற்பாடு நல்லதுதான், பெண்ணுக்கொரு வீடு கட்டியே முதுகொடிந்த வாப்பாமார்களின் கதை வேறு. ஆனால், வெளியூரில் பெண்ணெடுத்த மகன் தன் மனைவியுடன் ஊருக்கு வந்தால் எங்கே தங்குவான் என்பதை முன்னோர் எண்ணிப் பார்க்கவில்லை.

எங்கள் பகுதி வீடுகள் நீளமானவை. முன்பக்கம் தெரு, பின்பக்கம் பெண்கள் மட்டும் புழங்கும் குறுகிய முடுக்கு. என் தங்கை நிலையத்திற்கே வந்து அவளை முடுக்கு வழியாக அழைத்துச் சென்றுவிட்டாள். நான் தெருவாசலில் நுழைந்து உள்ளே செல்வதற்குள் அறிமுகம் தொடங்கியிருந்தது.

உம்மும்மாவுக்கு அப்போது 80 வயதிருக்கும். வந்தவர் யார் என்று கேட்பதற்கு முன், சாப்பிட்டாயிற்றா என்று கேட்பது அவர்கள் வழக்கம். வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்து, 1983 கலவரத்தில் அதை இழந்து திரும்பியவர்கள். அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. 35 ஆண்டுகள் அந்த வீட்டில் வாழ்ந்த பின்னும், உள்கட்டிற்குள் வருமுன் தொண்டையைச் செருமி ஓசை எழுப்புவார்கள். மூத்த ராத்தாதான் வீட்டின் நிர்வாகம். கோபம் முன்னே வரும், கறித்துண்டு பின்னே வரும். ராத்தாவின் கணவரான மச்சானோ சிரித்தே காலத்தைக் கழிப்பவர். இந்த இருவரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று ஊரே வியக்கும்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உம்மாவின் ஒரே தம்பி. அதே வீட்டில் பிறந்து, இரண்டு தெரு தள்ளி மாமியின் வீட்டில் வாழ்ந்தவர்கள். சுபுஹு தொழுதுவிட்டு நாள்தோறும் வந்து திண்ணையில் அமர்ந்து ஒரு குவளை தேநீர் அருந்துவார்கள். யாரும் அழைக்காமல் உள்ளே வந்ததை நான் கண்டதில்லை. கதவோரம் நின்ற என் மனைவியிடம், "கூச்சப்படாதேம்மா. நானும் இங்கே விருந்தாளிதான்" என்றார்கள். எல்லாரும் சிரித்தனர். உம்மா சிரிக்கவில்லை.

இரவில் பெண்கள் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டார்கள். கை கழுவும்போது அவள் மெல்லக் கேட்டாள்: "நம் அறை எது?"

நான் வாய் திறக்கவில்லை. நான்கு அறைகள். ஒன்று உம்மும்மாவுக்கு, ஒன்று பெற்றோருக்கு, ஒன்று ராத்தாவுக்கு. நான்காவது, வரப்போகும் மாப்பிள்ளைக்காகத் தங்கைக்கு வெள்ளையடித்து வைத்தது. உம்மாவின் காதில் அவள் கேட்டது விழுந்துவிட்டது. மறுபேச்சின்றித் தம் படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உம்மும்மாவின் அறைக்குப் போனார்கள். வாப்பா பாயோடு திண்ணைக்குப் போனார்கள்.

"உம்மா, இது வழக்கமில்லையே" என்றார்கள் ராத்தா. மருமகளுக்கு அறை கொடுத்தால் நாளை பங்கும் கொடுக்க நேருமோ என்ற அச்சம் அந்தக் குரலில் இருந்தது. அதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ராத்தாவுக்கும் இரண்டு பெண்மக்கள்.

"என் உம்மா எனக்குத் தந்த அறை இது. என் மகனின் பெண்டாட்டி இதில் படுப்பதற்கு நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை" என்றார்கள் உம்மா.

மூன்று நாள்கள் ராத்தா எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் மனைவி இரவில் அழுதாள். திருச்சிக்கே திரும்பிவிடலாம் என்றாள். நான்காம் நாள் காலை, ஒரு தட்டு தம்மடையுடன் ராத்தா அறைவாசலில் வந்து நின்றார்கள். சுவரலமாரியுடன் அவள் போராடிக்கொண்டிருப்பதைச் சற்று நேரம் பார்த்தார்கள். "கடற்காற்றில் மரம் உப்பிப்போய்விட்டது. கதவைத் தூக்கிக்கொண்டு இழுக்க வேண்டும்" என்று சொல்லித் திறந்து காட்டினார்கள். பிறகு அங்கேயே அமர்ந்து, ஒரு மணி நேரம் என் சிறுவயதுக் குறும்புகளையெல்லாம் அவளிடம் ஒப்பித்தார்கள்.

உம்மா 2011இல் வஃபாத்தானார்கள். அந்த அறை இப்போது ராத்தாவின் இளைய மகளுக்குரியது. 2023இல் அவளுடைய திருமணத்திற்குச் சென்றபோது நாங்கள் தங்கியது மாமா மகளின் வீட்டில். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கு எங்கள் குடும்பத்தாரை அறிமுகம் செய்யும் பொறுப்பை என் மனைவியிடம் விட்டிருந்தார்கள் ராத்தா. யாருக்குக் காது சற்று மந்தம், யாருடைய கோபம் பொய்க்கோபம் என்றெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். மணமகனின் தங்கை, "நீங்கள் இந்த வீட்டுப் பெண்ணா?" என்று கேட்டாள். அவள் தயங்கினாள். அடுக்களையிலிருந்து ராத்தாவின் குரல் வந்தது: "ஆமாம், ஆமாம்."

அதன்பின் அவள் அந்தப் பெண்ணை அறைக்குள் அழைத்துப்போய், அலமாரிக் கதவைத் தூக்கித் திறக்கும் விதத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.