ஒரே சொல்லில் அடங்காத கடத்தல்

தேர்வு முடிந்து இரண்டு நாள் தூங்கியாகிவிட்டது. போன மாதமே எழுத நினைத்த விஷயம் இது.

தமிழில் 'கடத்தல்' என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஓட்டிவிடுகிறோம். தங்கக் கடத்தல், சந்தனக் கட்டைக் கடத்தல், குழந்தை கடத்தல், விமானக் கடத்தல்... (இயற்பியல் பாடத்தில் வெப்பக் கடத்தல் வேறு!). அதனால் 'ஆள் கடத்தல்' என்றாலே ஒரு வேன், முகமூடி, வாயில் துணி என்றுதான் மனசில் படம் ஓடுகிறது. சினிமா பார்த்த கோளாறு.

ஐ.நா. பொதுச்சபை 2000 நவம்பரில் இதை இரண்டாகப் பிரித்தது. பலெர்மோ நெறிமுறைகள் என்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒருவரைக் கள்ளத்தனமாக எல்லை தாண்டவைப்பது ஒன்று. ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரைக் கொண்டுபோய் அவர் உழைப்பையோ உடலையோ சுரண்டுவது இன்னொன்று. முதலாவதற்கு எல்லை தாண்டியே ஆகவேண்டும். இரண்டாவது பக்கத்து ஊர் செங்கல் சூளையிலேயே நடக்கலாம். 2010 ஆகஸ்டில் 'சன் சீ' என்ற கப்பலில் 492 ஈழத்தமிழர்கள் கனடா போய்ச் சேர்ந்தார்களே, அது முதல் வகை. போகவேண்டும் என்று அவர்களே விரும்பிப் போனார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டும் தனித்தனி என்று புத்தகத்தில் படிக்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் அப்படி இல்லை என்று எனக்குப் புரிந்தது என் சித்தி மகனால்.

அண்ணன் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். இரண்டு வருடமாக வேலை இல்லை. பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, தங்குமிடம், சாப்பாடு இலவசம், விசாவும் டிக்கெட்டும் கம்பெனி செலவு என்று வாட்ஸ்அப்பில் தெரிந்தவர் மூலமாக ஒரு செய்தி வந்தது. இண்டர்வியூ பத்தே நிமிடம். டைப்பிங் வேகம் கேட்டார்களாம், அவ்வளவுதான். சித்தி கோயிலுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டாள். எனக்குச் சந்தேகம் வந்தது ஒரே ஒரு இடத்தில். வேலைக்குப் போகிறவனை ஏன் சுற்றுலாப் பயணியாகப் போகச் சொல்கிறார்கள்?

தேடிப் படித்தேன். இந்திய வெளியுறவுத்துறை 2022 செப்டம்பரிலேயே தாய்லாந்து வேலை மோசடி பற்றி எச்சரித்திருக்கிறது. பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றி மே சொட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே மோய் ஆறு. அக்கரை மியான்மரின் மியாவடி. ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் தாண்டினால், கே.கே. பார்க் மாதிரி மதில் கட்டிய வளாகங்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்புறம் பெண் பெயரில் போலிக் கணக்குத் தொடங்கி, முகம் தெரியாதவர்களிடம் மாதக்கணக்கில் அன்பாகப் பேசி, கடைசியில் கிரிப்டோவில் பணம் போடவைக்க வேண்டும். அதுதான் அந்த டேட்டா என்ட்ரி! இலக்கை எட்டாதவர்களுக்கு அடி, மின்சார ஷாக். வெளியேற வேண்டுமென்றால் வீட்டார் ஆயிரக்கணக்கான டாலர் கட்டவேண்டும். இல்லாவிட்டால் வேறு கும்பலுக்கு விற்றுவிடுவார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படி மாட்டியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது.

அந்த ஆற்றைக் கவனியுங்கள். முத்திரை இல்லாமல் அதைத் தாண்டிய நிமிடம், அவன் மியான்மரில் சட்டவிரோதமாக நுழைந்தவன். தப்பித்துத் திரும்பி வந்தால் தாய்லாந்திலும் விளக்கம் சொல்ல வேண்டியவன். முதல் வகைக் கடத்தலை வைத்தே இரண்டாம் வகைக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறார்கள். போலீசிடம் ஓடவும் பயம்.

அண்ணனிடம் சொன்னால் கோபம்தான் வந்தது. "உனக்கு என்னடா, படிக்கிறே. எனக்கு வர்ற ஒரே வேலையையும் கெடுக்காதே" என்றான். மூன்று நாள் பேச்சு இல்லை. கடைசியில் சித்தப்பாதான் ஒரு கேள்வி கேட்டு முடித்தார்: "அந்த ஏஜெண்டுக்கு லைசென்ஸ் இருக்கா?" 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். கேட்டதும் அந்த ஆள் பதிலே போடவில்லை. நம்பரையும் மாற்றிவிட்டான். அண்ணன் இப்போது ஊரிலேயே ஒரு மொபைல் கடையில் இருக்கிறான். சந்தோஷமாக இருக்கிறான் என்று பொய் சொல்லமாட்டேன்.

இதில் எனக்கு உறுத்துவது இன்னொன்று. சட்டம் பாதுகாக்க நினைத்தது படிக்காத தொழிலாளியை. பத்தாவது தேறாதவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்கவேண்டும். தாய்லாந்து அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பட்டதாரிக்கு அந்த அனுமதியே தேவையில்லை. படித்தவன் விவரமாக இருப்பான் என்ற நம்பிக்கை! இந்தக் கும்பல்களுக்கு வேண்டியதே ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் தெரிந்த படித்தவன்தான். சுற்றுலா என்று சொல்லிவிட்டால் விமான நிலையத்தில் பெரும்பாலும் கேள்வியும் இல்லை.

2025 பிப்ரவரியில் தாய்லாந்து மியாவடிப் பக்கம் போகும் மின்சாரத்தைத் துண்டித்தது. மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் இரண்டே நாளில் 549 பேரை மே சொட்டிலிருந்து கொண்டுவந்தன. நல்ல காரியம். ஆனால் வந்தவர்கள் யார்? பாதிக்கப்பட்டவர்களா, குற்றவாளிகளா? அவர்கள் பேசி ஏமாற்றியதில் யாரோ ஒரு பென்ஷன்காரர் சேமிப்பையெல்லாம் இழந்திருப்பார். அவரிடம் போய் "பையன் பாவம், அடித்தார்கள்" என்றால் ஒத்துக்கொள்வாரா? நான் பையன் பக்கம்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவு, கடத்தப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டல்ல என்கிறது. அதாவது அவனே ஆசையாக விமானம் ஏறினான் என்பது கடத்தியவனுக்குச் சாக்காகாது. ஆனால் கடத்தப்பட்டவன் கட்டாயத்தில் செய்த குற்றத்தை என்ன செய்வது என்று அந்தப் பிரிவில் இல்லை. அவனைத் தண்டிப்பதாக இருந்தால் அடுத்தவன் வாயே திறக்கமாட்டான், ஏஜெண்டின் பெயரும் வெளியே வராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில வளாகங்களில், உனக்குப் பதிலாக ஆட்களைக் கொண்டுவா, விட்டுவிடுகிறோம் என்கிறார்களாம். உள்ளே மாட்டியவன் யாருக்குச் செய்தி அனுப்புவான்? தன் போனில் இருக்கும் எண்களுக்குத்தானே. சித்தி மகனுக்கு அந்த வேலையைச் சொன்ன 'தெரிந்தவர்' அவனோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று இதுவரை எங்களுக்குத் தெரியவில்லை.