ஈரக்காற்று கேட்கும் செடி

பூக்காத செடியை எதற்கு வீட்டுக்குள் வைத்துப் பராமரிக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பெரணியின் இளங்குருத்து விரிவதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. மண்ணை ஒட்டி, நத்தை ஓடு போல இறுகச் சுருண்டு, பழுப்புச் செதில்களோடு தலைகாட்டும். பிறகு அடியிலிருந்து மெல்ல மெல்ல அவிழ்ந்து நிமிரும். நுனி விரிவது கடைசியில்தான்.

சென்னை வெயிலில் பெரணி பிழைக்குமா என்று தயங்குவார்கள். வெயிலை மறைத்துவிடலாம், வறண்ட காற்றைத்தான் அதனால் தாங்க முடியாது. அதன் பிறப்பே நீரை நம்பியது. விதை கிடையாது. இலையடியில் உள்ள பழுப்புப் புள்ளிகளில் வித்துத்தூள் இருக்கிறது. அது ஈரமண்ணில் விழுந்து, நகத்தளவுகூட இல்லாத பச்சைத் தகடாக முளைக்கிறது. அதன் அடியில் படிந்த நீரில் ஆண் அணு நீந்திப்போய்ப் பெண் அணுவைச் சேர்ந்தால்தான் புதுச்செடி. பூக்கள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இப்படித்தான். வித்துத்தூள் என்று தெரியாமல், இலையடியில் வரிசையாக இருக்கும் அந்தப் புள்ளிகளைப் பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

பெரணிக்கு வேண்டிய ஈரத்தைக் கண்ணாடிக்குள்ளேயே காக்கலாம் என்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. லண்டனில் நதேனியல் வார்டு என்ற மருத்துவரின் தோட்டத்தில், நிலக்கரிப் புகையால் பெரணிகள் மடிந்துகொண்டிருந்தன. 1829-இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் மூடிவைத்தார். அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணி தானாக முளைத்தது. உள்ளிருந்த ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, மண்ணுக்கே திரும்பியது. அதிலிருந்து அவர் உருவாக்கிய கண்ணாடிப் பெட்டிகளில்தான் பின்னாளில் சீனத் தேயிலைக் கன்றுகள் இமயமலைச் சரிவுகளுக்குக் கப்பலேறின.

நம் வீட்டில் கண்ணாடிப் பெட்டி தேவையில்லை. கிழக்கு ஜன்னலோரம் போதும்; வெளிச்சம் வேண்டும், உச்சிவெயில் கூடாது. தேங்காய் நார்த்தூளும் மக்கிய இலையும் கலந்த மண், நீர் தேங்காத தொட்டி. மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்வதற்குள் ஊற்ற வேண்டும். உப்புத்தண்ணீரில் இலைநுனி கருகும். பிடித்துவைத்த மழைநீர் நல்லது. பாஸ்டன் பெரணி ஓரளவு பொறுத்துப்போகும். கறுத்துப் பளபளக்கும் காம்புள்ள மெய்டன்ஹேர் பெரணியோ ஒரே ஒரு நாள் காய்ந்தாலும் சருகாகிவிடும். அப்போதும் தூக்கி எறியாமல் அடியோடு கத்தரித்து ஈரம் காத்தால், வேர்த்தண்டு உயிரோடிருக்கும்வரை மீண்டும் துளிர்க்கும்.

பெரணி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வரவேற்பறையில் எந்த மூலைக்கு அழகு என்று பார்க்காதீர்கள். ஏசி காற்று படாத, ஈரம் தங்குகிற இடம் எது என்று பாருங்கள். குளியலறை ஜன்னல்தான் அந்த இடம் என்றால், அங்கேயே வையுங்கள்.